வலம்புரியும் மூன்று மடிப்பும்

பூஜையறைக்கு வந்து சேரும் வலம்புரிச் சங்குகள் பலவும் இந்தியக் கடலைப் பார்த்ததே இல்லை. அசல் எது, அமெரிக்கச் சரக்கு எது என்பதை ஓட்டுக்குள் மறைந்திருக்கும் சில வரிகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

காட்சி பழகியதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பட்டுத் துணி. அதன்மேல் பளபளக்கும் வெள்ளைச் சங்கு. கடைக்காரர் அதை இரண்டு கைகளாலும் பயபக்தியோடு எடுத்து, வாய் தெரியும்படி திருப்பிக் காட்டுகிறார். வாய் வலப்பக்கம் திறந்திருக்கிறது. வலம்புரி! லட்சத்தில் ஒன்றுதான் இப்படி அமையும், வீட்டில் இருந்தால் லட்சுமி வாசலைத் தாண்டமாட்டாள் என்கிறார். வாங்க வந்தவர் சங்கைக் காதில் வைத்துப் பார்க்கிறார். ஓங்காரம் கேட்கிறது. விலை ஆயிரங்களில் தொடங்குகிறது. கேட்பவரின் முகத்தைப் பொறுத்து லட்சத்தையும் தொடும்.

பேரம் முடிந்து சங்கு கைமாறும்வரை யாரும் செய்யாத ஒரு காரியம் உண்டு. வாய்க்குள் விரலை விட்டு, நடுவிலிருக்கும் தண்டைத் தடவிப் பார்ப்பது. பார்த்தால் பெரும்பாலும் அது வழவழவென்றே இருக்கும். அசல் சங்கின் தண்டு அப்படி இருக்காது. அதில் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் விரலில் இடறும்.

மடிப்பு இல்லாவிட்டால் அது சங்கே அல்ல. மெக்ஸிகோ வளைகுடாவிலும் ஃபுளோரிடாக் கரையிலும் கிடைக்கும் வேறொரு கடல் நத்தையின் ஓடு அது. அந்த ஊர்க் கடற்கரைக் கடைகளில் சுற்றுலாப் பயணிகள் நினைவுப் பொருளாக வாங்கிப் போவது. அங்கே அது லட்சத்தில் ஒன்று இல்லை. அந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் சுழன்றிருக்கும்.

ஏமாற்று வேலை இத்தனை சுலபமாக நடப்பதற்குக் காரணம், சங்கை நாம் ஒரே ஓர் அடையாளத்தால் மட்டும் அறிந்து வைத்திருப்பது. வாய் எந்தப் பக்கம் என்பதே நமக்குத் தெரிந்த ஒரே கேள்வி. உயிரியல் அறிஞர்களுக்கோ அது கடைசிக் கேள்வி. முதலில் இந்த ஓடு எந்தப் பேரினம் என்று கேட்பார்கள்.

முதலில் இடம், வலம் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சங்கைக் கூர்நுனி மேலே இருக்கும்படி, வாய் தன்னைப் பார்க்கும்படி பிடிப்பது விஞ்ஞானிகளின் வழக்கம். அப்போது வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுழல், இடப்பக்கம் இருந்தால் இடச்சுழல். இந்திய வழக்கம் இதற்கு நேர்தலைகீழ். விஷ்ணு சிற்பத்தின் கையில் இருப்பதைப்போல், நீர் வார்க்கும் நீண்ட முனையை மேலே வைத்து நாம் பார்க்கிறோம். எனவே அறிவியல் நூல் இடச்சுழல் என்று எழுதுவதையே நாம் வலம்புரி என்கிறோம். வடக்கே அதுவே தட்சிணாவர்த்தம். ஊதவும் வளையல் அறுக்கவும் பயன்படும் சாதாரணச் சங்கு நமக்கு இடம்புரி, விஞ்ஞானிக்கு வலச்சுழல். இரண்டும் சரி. பிடிக்கும் விதம்தான் வேறு. இணையத்தில் சங்கு விற்கும் சாமர்த்தியசாலிகளுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டுவிட்டால் எந்த இடம்புரியும் ஒரு நொடியில் வலம்புரியாகிவிடும்.

இன்னொன்றும் தெளிவாக வேண்டும். வலம்புரி என்று தனியாக ஓர் இனம் கிடையாது. வலம்புரியும் இடம்புரியும் ஒரே உயிர். மனிதரில் சிலருக்கு இதயம் வலப்பக்கம் அமைந்துவிடுவதுபோல், சங்குக் கூட்டத்தில் எப்போதாவது ஒன்று கண்ணாடிப் பிம்பமாகப் பிறந்துவிடுகிறது. ஓடு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் உடலும் பக்கம் மாறித்தான் அமைகிறது. நத்தைகளின் சுழற்சி ஏன் மாறுகிறது என்ற புதிருக்கு, நன்னீர்க் குளங்களில் வாழும் லிம்னேயா நத்தையைக் கொண்டு விடை கண்டிருக்கிறார்கள். குட்டி எந்தப் பக்கம் சுழலும் என்பதைக் குட்டியின் சொந்த மரபணு தீர்மானிப்பதில்லை, தாயின் மரபணுவே தீர்மானிக்கிறது என்று 1923-ல் ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டவன்ட் விளக்கினார். 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்து, வலப்பக்கம் சுழல வேண்டிய நத்தையை இடப்பக்கம் சுழல வைத்தே காட்டிவிட்டார்கள்.

ஆக, வலம்புரிக்கு அருமை தருவது அதன் சுழற்சி மட்டுமல்ல. சங்கு என்ற இனத்தில் அந்தச் சுழற்சி அமைந்திருப்பதுதான். சங்கு இல்லாத ஒன்று எந்தப் பக்கம் சுழன்றால் என்ன?

அப்படியானால் சங்கு எது? விலங்கியல் அதற்குச் சூட்டியிருக்கும் பெயர் டர்பினெல்லா பைரம். மெல்லுடலிகள் என்ற பெருந்தொகுதியில், வயிற்றுக்காலிகள் வகுப்பில், டர்பினெல்லிடே என்ற குடும்பத்தில் அதற்கு இடம். இந்த இடம் கிடைக்க அது கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. ஸ்வீடனின் லின்னேயஸ் 1767-ல் அதை வொலுட்டா என்ற பேரினத்தில் சேர்த்து, பேரிக்காய் வடிவத்துக்காக பைரம் என்று பெயரிட்டார். நடுத்தண்டில் மடிப்பு இருக்கிறதா, வொலுட்டாவில் போடு என்பதுதான் அவர் கணக்கு. அந்தப் பேரினத்தில் சங்கோடு ஒட்டோ உறவோ இல்லாத பல ஓடுகளும் வந்து குவிந்தன. தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் லமார்க். 1799-ல் அவர் உருவாக்கிய பேரினமே டர்பினெல்லா.

இங்கேதான் ஒரு சிக்கல். ஓராண்டு முன்னதாக, 1798-ல், ஜெர்மானியரான ரோடிங் ஓர் அருங்காட்சியகப் பட்டியலில் இதே சங்குக்கு ஸாங்கஸ் என்று பெயர் வைத்திருந்தார். பெயரைப் பார்த்தாலே அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். நம்முடைய சங்குதான் ஐரோப்பிய வணிகர்களின் வாயில் சாங்கோவாகி, லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு ஸாங்கஸ் ஆனது. முந்தியவருக்கே உரிமை என்பது விலங்கியல் பெயரீட்டில் பொது விதி. ஆனால் நூற்றாண்டுக்கும் மேலாக டர்பினெல்லா புழக்கத்தில் ஊறிவிட்டதால், சர்வதேச விலங்கியல் பெயரீட்டு ஆணையம் 1950களில் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி ஸாங்கஸை ஒதுக்கிவைத்தது. இந்திய மீன்வள ஆய்வாளர்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தங்கள் கட்டுரைகளில் ஸாங்கஸ் பைரம் என்றே எழுதிவந்தார்கள். பழக்கமாகவும் இருக்கலாம், சொந்த ஊர்ப் பெயரை விட மனமில்லாததாகவும் இருக்கலாம். பழைய அறிக்கைகளைப் புரட்டுகிறவர்கள் இரண்டும் ஒன்றே என்று அறிந்துகொண்டால் போதும்.

டர்பினெல்லாவின் ஓட்டில் முதலில் தெரிவது கனம். ஆறேழு அங்குலச் சங்குகூடக் கையில் ஒரு கல்லைப்போல் உட்காரும். உயிரோடு இருக்கும்போது அது நாம் அறிந்த பால் வெள்ளையில் இருப்பதில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு தோல் ஓடு முழுவதையும் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வெண்மை வெளிப்படுகிறது. வாயின் உட்புறம் சில சங்குகளில் வெள்ளை, சிலவற்றில் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள். நத்தை உள்ளே சுருங்கிக்கொண்டதும் வாயை அடைக்க ஒரு கடினமான பழுப்பு மூடியும் உண்டு.

ஓட்டின் நுனியைப் பார்த்தால் சிறு குமிழ் போன்ற ஒரு முனை தெரியும். அது சங்கின் குழந்தைப் பருவ ஓடு. பிறக்கும்போது இருந்ததன்மேல்தான் மற்றதெல்லாம் சுற்றுச்சுற்றாக வளர்ந்திருக்கிறது. நூலைச் சுற்றியதுபோல் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு தையல் கோடு ஓடுகிறது. கடைசிச் சுற்று மட்டும் பெருத்து, பேரிக்காயின் வயிறுபோல் உப்பி, கீழே ஒரு நீண்ட கால்வாயாகக் குறுகுகிறது. சங்கு மணலில் புதைந்திருக்கும்போது அந்தக் கால்வாய் வழியாகத்தான் ஒரு குழலை நீட்டி நீரை இழுத்துக்கொள்கிறது. அபிஷேகத்தின்போது நீர் வழிவதும் அதே வழியில்தான்.

இனி அந்த மடிப்புகள். சங்கை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால், நடுவே மாடிப்படியின் நடுத்தூண்போல் ஒரு முறுக்கிய தண்டு நிற்பது தெரியும். தண்டின் நடுப்பகுதியில், ஏறக்குறைய குறுக்காக, மூன்று நான்கு முகடுகள் புடைத்துக்கொண்டு உள்ளே சுழன்று ஏறுகின்றன. நத்தை தன் உடலை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள உதவும் தசை இந்தத் தண்டைத்தான் பற்றியிருக்கிறது. தசை நழுவாமல் ஓடப் பள்ளம் வெட்டிய வழி இது என்பது வழக்கமான விளக்கம். பயன் எதுவானாலும் அடையாளம் என்ற வகையில் இதைவிட நல்லது இல்லை. வெளிப்புறத்தைத் தேய்க்கலாம், வெளுக்கலாம், மெருகேற்றலாம். உள்ளே சுழன்று ஏறும் மடிப்பை, ஓட்டை உடைக்காமல் ஒட்டவைக்கவோ செதுக்கவோ முடியாது.

அமெரிக்க ஓட்டில் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். அதன் ஆங்கிலப் பெயர் லைட்னிங் வெல்க். இளம் ஓட்டில் மின்னல் கீற்றுப்போல் பழுப்புக் கோடுகள் இருப்பதால் வந்த பெயர். அறிவியல் பெயர் பூசிகான் என்று நெடுங்காலம் வழங்கியது. இப்போது இடச்சுழல் இனங்களைப் பிரித்து சினிஸ்ட்ரோஃபுல்கர் என்கிறார்கள். குடும்பமே வேறு. தோளில் முடிச்சு முடிச்சாகப் புடைப்பு, அகன்ற வாய், நீண்டு மெலிந்த கால்வாய், கனம் குறைந்த ஓடு, மடிப்புகளற்ற தண்டு. புடைப்புகளை அரத்தால் ராவி, கோடுகளை வெளுத்து, மெருகு போட்டுவிட்டால் தூரத்துப் பார்வைக்குச் சங்குதான். டெக்சாஸ் மாநிலம் 1987-ல் இதைத் தன் மாநிலச் சிப்பியாக அறிவித்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐரோப்பியர் வருவதற்கு முன்பு மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள் இந்த ஓட்டையே கிண்ணமாகச் செதுக்கிச் சடங்குகளில் பயன்படுத்தினார்கள். கடலிலிருந்து பல நூறு மைல் உள்ளே அது பயணம் போயிருக்கிறது. ஆக, அதுவும் சொந்த ஊரில் புனிதமானதுதான். இங்கே வந்துதான் போலியாகிறது.

சோதனை என்ற பெயரில் புழங்குபவை எதுவும் உதவாது. காதில் கேட்கும் ஓங்காரம், சுற்றுப்புறச் சத்தம் ஓட்டின் குழிவில் எதிரொலிப்பதால் வருவது. எந்த ஓட்டிலும், ஏன், ஒரு டம்ளரிலும்கூட அது கேட்கும். அரிசியில் வைத்தால் நகரும், பாலில் வைத்தால் நிறம் மாறும் என்பதெல்லாம் கதை. பிசினில் வார்த்த சங்குகளும் சந்தையில் உண்டு. அவற்றில் மடிப்புக்கும்கூட அச்சு எடுத்திருக்கலாம். ஆனால் தையல் கோடும் நுனிக் குமிழும் மழுங்கியிருக்கும். வளர்ச்சிக் கோடுகள் இருக்காது. கையில் எடுத்தால் ஓட்டின் குளிர்ச்சியும் கனமும் இருக்காது. சந்தேகம் தீராவிட்டால் ஓர் எக்ஸ்ரே போதும். நடுத்தண்டின் வடிவம் படத்தில் விழுந்துவிடும்.

ஒரே கடையில் ஒரு தட்டு நிறைய வலம்புரிகள் இருந்தால், விரலைக்கூட உள்ளே விட வேண்டியதில்லை. லட்சத்தில் ஒன்று என்ற கணக்கை அந்தக் கடைக்காரரே பொய்யாக்கிவிட்டார்.

அசல் சங்குக்கும் வெளிநாட்டில் உறவினர்கள் இல்லாமல் இல்லை. டர்பினெல்லா ஒரு சின்னப் பேரினம். உயிரோடு இருக்கும் இனங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வியப்பு எண்ணிக்கையில் இல்லை, இருப்பிடத்தில் இருக்கிறது. பைரம் வாழ்வது இந்திய, இலங்கைக் கரைகளில் மட்டும். கட்ச் வளைகுடா, கேரளத்தின் தென்கரை, மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, சோழமண்டலக் கரை, அந்தமான். மெலிந்து நீண்ட ஒரு வடிவத்தை ஃபியூசஸ் என்று தனி இனமாகக் கொள்வோரும் உண்டு. இவற்றை விட்டால் அடுத்த நெருங்கிய சொந்தம் அரபிக் கடலிலோ சீனக் கடலிலோ இல்லை. பாதி உலகம் தாண்டி கரீபியக் கடலில் இருக்கிறது. தோளில் முண்டு முண்டாகப் புடைத்த, ஓரடிக்கு மேல் வளரும் டர்பினெல்லா அங்குலாட்டா அது. இன்னொன்று பிரேசில் கரையில்.

இடையில் இத்தனை கடல்களில் இல்லாமல் எப்படி இங்கேயும் அங்கேயும்? டெத்திஸ் என்ற பழங்கடல்தான் விடை என்கிறார்கள். இமயமலை எழுவதற்கும் மத்தியதரைக் கடல் மூடிக்கொள்வதற்கும் முன்பு, உலகின் நடுவில் கிழக்கு மேற்காக வெப்பக் கடல் ஒன்று நீண்டு கிடந்தது. அதன் வழியே பரவிய கூட்டத்தில் இரண்டு முனைகளில் எஞ்சியவர்களே இன்றைய சங்குகள். ஃபுளோரிடாவின் பாறைகளிலும் டர்பினெல்லாவின் தொல்லெச்சங்கள் கிடைக்கின்றன. இரு கரை மனிதர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே அதை ஒரே காரியத்துக்குப் பயன்படுத்தியதுதான் இன்னும் சுவாரஸ்யம். மாயர்களும் அவர்களுக்கு வடக்கே வாழ்ந்த மெக்ஸிகோ மக்களும் அங்குலாட்டாவின் நுனியை வெட்டிக் கோயில்களில் ஊதினார்கள்.

ஊதுவதற்கு முன்பே இந்தியாவில் சங்கு அறுக்கப்பட்டுவிட்டது. குஜராத் கரையிலுள்ள நாகேஷ்வரில், பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 1980களில் ஹரப்பா காலத்துச் சங்குப் பட்டறை ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். குவியல் குவியலாக அறுத்தெறிந்த துண்டுகள். வளையல் அறுக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது டர்பினெல்லா பைரத்தைத்தான். காரணம் ஓட்டிலேயே இருக்கிறது. தடித்த சுவர், வட்டமான சுற்று, குறுக்குநெடுக்காகப் பின்னிய சுண்ணப் படிகம். வாளால் அறுத்தாலும் தெறித்து உடைவதில்லை.

மண்ணிலிருந்து கிடைக்கும் ஒரு வளையல் துண்டு எந்தச் சங்கிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதும் ஓட்டின் அமைப்பைக் கொண்டுதான். சங்கைக் குறுக்காக அறுத்தால் வரும் வளையம் முழு வட்டமாக இருக்காது. சுற்றும் சுற்றும் ஒட்டிய இடத்தில் ஒரு சிறு பிசிறு இருக்கும். ஹரப்பாக் கைவினைஞர்கள் அந்த இடத்தை மறைக்க, கூர்மூலையாக ஒரு கோட்டுச் சின்னத்தைச் செதுக்கினார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் ஜொனாதன் மார்க் கெனோயர் இந்தத் துண்டுகளை ஆராய்ந்து, எந்த இனம், எப்படி அறுத்தார்கள் என்பதையெல்லாம் விரிவாக எழுதினார். குறையை அலங்காரமாக்கிய அந்தத் தந்திரம் ஹரப்பாவோடு போய்விட்டது, தொழில் போகவில்லை. தாமிரபரணி முகத்துவாரத்தில் பழைய கொற்கையிலும் அறுத்த சங்குகள் அகழ்வில் வந்திருக்கின்றன.

தொழில் இன்று தங்கியிருப்பது வங்காளத்தில். மணமான இந்து வங்காளிப் பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளையலும் செம்பவள நிற வளையலும் சேர்ந்தே இருக்கும். டாக்காவின் ஷாங்காரி பஜார், முர்ஷிதாபாத், பிஷ்ணுபூர் எல்லாம் இந்த வளையலால் பிழைத்த ஊர்கள். சங்கைக் காலால் அழுத்திப் பிடித்து, பிறைவடிவ இரும்பு வாளை இரண்டு கைகளாலும் இழுத்து அறுப்பார்கள். மின்சார வாள் வந்த பிறகு அந்தக் காட்சி அருகிவிட்டது. சரக்கு மட்டும் அன்றும் இன்றும் தெற்கிலிருந்துதான் போகிறது.

சங்கின் வகைபிரித்தலில் விஞ்ஞானிகளுக்கு முன்பே இந்த வணிகர்கள் தேறியிருந்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல், 1914-ல் வெளியான தன் நூலில் சங்கின் பல வடிவ வேறுபாடுகளை விவரித்தார். கல்கத்தாவில் அவர் பார்த்த வியாபாரிகளோ ஓட்டைக் கையில் எடுத்ததுமே எந்தக் கரை என்று சொல்லக்கூடியவர்கள். தூத்துக்குடி என்ற பெயரே அங்கே தித்குட்டி என்று திரிந்து ஒரு தரத்தின் பெயராகிவிட்டிருந்தது. நம் கரையிலும் இரண்டு பெயர்கள் உண்டு. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் கூர்மையான நுனி கொண்டது ஜாதி. பாக் விரிகுடாவின் குட்டை நுனி கொண்டது பட்டி. ஜாதிக்கு விலை அதிகம். நூல்களில் இவையே முறையே அக்யூட்டா, ஒப்டூசா என்ற வகைகளாகின.

நடுவில் இருப்பது ராமேஸ்வரம் தீவும் ஒரு மணல் திட்டு வரிசையும்தான். இந்தப் பக்கம் ஒரு வடிவம், அந்தப் பக்கம் வேறு வடிவம் என்று ஏன் ஆனது? மீன்களும் பெரும்பாலான சிப்பிகளும் முட்டையிலிருந்து நுண்ணிய குஞ்சாக வெளிவந்து, நீரோட்டத்தில் மிதந்து பல மைல் போய்விடும். சங்குக்கு அந்தப் பயணம் இல்லை. பெண் சங்கு, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்கிய, அறை அறையாகப் பிரிந்த ஒரு முட்டைக் கூட்டை மணலில் ஊன்றிவைக்கிறது. கடலோரத்தில் இதற்குச் சங்குப்பூ என்று பெயர். வேலியில் படரும் நீலப் பூவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பூவின் அறைகளுக்குள்ளேயே குட்டிகள் ஓடு கட்டிக்கொண்டு, சின்னச் சங்குகளாகவே வெளியே ஊர்ந்து வருகின்றன. ஓட்டின் நுனியிலுள்ள அந்தக் குமிழ் இதற்குச் சாட்சி. மிதந்து திரிந்த நத்தைகளுக்கு அது பெரும்பாலும் சின்னதாகவும் கூராகவும் இருக்கும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் இப்படிக் கொழுத்திருக்கும்.

பிறந்த மணலை விட்டு அதிக தூரம் போகாத உயிர் என்பதுதான் வகைபிரித்தலில் சுவையான செய்தி, மீன்பிடியில் கவலையான செய்தி. சங்கு வாழ்வது பூச்சி மணல் என்று மீனவர்கள் சொல்லும் மென்மணல் பரப்பில். அங்கே குழாய் கட்டி வாழும் புழுக்களே அதன் உணவு. அந்தப் பரப்பில் சங்கு ஒருமுறை அற்றுப்போனால், வேறெங்கிருந்தோ குஞ்சுகள் மிதந்து வந்து நிரப்பாது. பக்கத்திலிருப்பவை ஊர்ந்து வந்தால்தான் உண்டு.

அமெரிக்க ஓடு வந்து போலி வலம்புரித் தேவையைத் தீர்த்துவைப்பதால் நம் சங்குக்கு நல்லதுதானே என்று குறும்பாகக் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லை. வலம்புரிக்காக யாரும் கடலில் இறங்குவதில்லை. அது லாட்டரிப் பரிசு. இறங்குவது வளையலுக்கும் ஊதுசங்குக்கும் தேவையான இடம்புரிக்காக. தூத்துக்குடியின் பரதவர்களும் கீழக்கரையின் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கிச் சங்கு குளித்தவர்கள். முத்துக் குளித்தல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திருவிழா. சங்கு குளித்தல் அன்றாடச் சோறு. சங்கு அரசின் ஏகபோகமாக இருந்த காலத்தில், கரைக்கு வந்த ஒவ்வொரு சங்கையும் அளவு பார்த்தார்கள். குறுக்களவு சுமார் இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்தால் அது சின்னது, உயிரோடு கடலுக்கே திரும்ப வேண்டும். மூச்சை அடக்கி முங்குகிறவரால் பிடிக்க முடிந்ததும் குறைவு, திருப்பி விடுவதும் எளிது.

இழுவலைக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. இறாலுக்கும் மீனுக்கும் போன வலை அடிமணலைச் சுரண்டிக்கொண்டு வரும்போது சங்கும் சேர்ந்தே வருகிறது, சிறிசும் பெரிசுமாக. சிறியவையும் விலைபோகின்றன, கைவினைக் கடைகளில் சாவிக் கொத்தாகவும் பொம்மையாகவும். சில நேரம் வலையில் கொம்புபோல் முறுக்கிய, வெளிறிய ஒரு சமாச்சாரமும் சிக்கும். அதற்கு விலை இல்லை. பிரித்தெடுத்துக் கரையில் வீசிவிடுவார்கள். வெயிலில் காய்ந்து சருகானதைப் பிய்த்துப் பார்த்தால், ஒவ்வோர் அறையிலும் அரிசி மணி போல வெள்ளையாகச் சங்குகள்.